வரப்போகும் பிரசவங்களை முன்கூட்டியே எண்ணுவோம்

விவேக் நகர் வட்டார மகிளா ஆரோக்கிய சமிதி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,

விவேக் நகர், வண்ணாரப்பேட்டை, ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் என்று நம் வட்டாரத்துச் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை இருக்கிறது. நம் பெண்கள் நம்பிப் போகும் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் எத்தனை பிரசவம் வரும், அதில் எத்தனை பேருக்குச் சிக்கல் வரக்கூடும், அதற்கு என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பதை மாதம் பிறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். மாதம் முடிந்ததும் எழுதியதையும் நடந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் ஆஸ்பத்திரி நல்லதா இல்லையா என்பதை அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அமைச்சருக்கோ ஆணையருக்கோ எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டம்தான் உங்கள் சமிதிகளுக்கு வழிவகுத்தது. 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு சமிதி, பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆண்டுக்கு 5,000 ரூபாய் செலவுப் பணம். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது ஆஷா அக்காவுக்கு அடுத்தபடி உங்களுக்குத்தான் தெரியும். இந்தக் கணக்குக்கு வேண்டிய முதல் எண் விதான சௌதாவில் கிடைக்காது. உங்கள் தெருவில்தான் கிடைக்கும்.

பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு மதிப்பெண் போடுவது பெங்களூருக்குப் புதிதல்ல. சாமுவேல் பால் 1994-ல் இங்கே தொடங்கிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர், அரசுச் சேவைகளுக்குக் குடிமக்கள் கையால் மதிப்பெண் அட்டை போடும் முறையைக் கொண்டுவந்தது. அந்த அமைப்பு நம் மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிகளையும் ஆராய்ந்தது. பெற்ற குழந்தையைப் பார்க்கவே கைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஏழைத் தாய்மார் சொன்னதை ஊரறியச் செய்தது. அது பெரிய காரியம். ஆனால் மதிப்பெண் அட்டை, போன ஆண்டு பிரசவித்தவளிடம் என்ன நடந்தது என்று கேட்கிறது. இப்போது ஏழாம் மாதத்தில் இருப்பவள் வலியெடுத்துப் போகும்போது அங்கே என்ன இருக்கும் என்பதை அது சொல்லாது. அதற்கு முன்கணிப்பு வேண்டும்.

இது இப்போது ஏன் அவசரம் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) கர்நாடகத்தில் 97 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு. "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. அவர்கள் போகிறார்கள். இன்னோர் எண்: 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கர்நாடகத்தில் நேர்ந்த 464 தாய்மாரின் இறப்புகளை அரசு தணிக்கை செய்தது. அவற்றில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை என்பது அந்தத் தணிக்கையின் முடிவு. பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் இது நடக்கிறது. ஆகவே கேள்வி ஆஸ்பத்திரியின் தயார்நிலையைப் பற்றியது.

இறப்புக் கணக்கு ஏன் போதாது?

"எங்கள் ஆஸ்பத்திரியில் போன வருஷம் ஒரு சாவுகூட இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்க நிம்மதியாக இருக்கும். அதை வைத்து நாம் என்ன முடிவுக்கு வரலாம் என்று பார்ப்போம்.

2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 69 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. மாதம் 60 பிரசவம் பார்க்கும் ஒரு சிறிய ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 720 பிரசவம். மாநிலச் சராசரிப்படி அங்கே எதிர்பார்க்க வேண்டிய இறப்பு ஆண்டுக்கு அரை, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒன்று. அப்படியானால் நூற்றில் அறுபது ஆண்டுகளில் அங்கே ஒரு சாவும் இருக்காது. அதே ஆஸ்பத்திரி இரண்டு மடங்கு மோசமாக நடந்தாலும்கூட, நூற்றில் முப்பத்தேழு ஆண்டுகளில் ஒரு சாவும் பதிவாகாது. சாவில்லாத ஓர் ஆண்டு எதையும் நிரூபிப்பதில்லை.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நிலைமை முற்றியவளை 108-ல் ஏற்றி வாணி விலாஸுக்கோ கோஷா ஆஸ்பத்திரிக்கோ அனுப்பிவிட்டால், சாவு அங்கேதான் எழுதப்படும். அனுப்பிய இடம் சுத்தமாகத் தெரியும், ஏற்றுக்கொண்ட பெரிய ஆஸ்பத்திரி கெட்ட பெயர் வாங்கும். ஆஸ்பத்திரிச் சாவுகளை ஒப்பிடும் இந்தக் கஷ்டத்தோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அவர் முயற்சியால் நடந்த பிரசவ வார்டு, பிரசவக் காய்ச்சல் சாவுகளால் 1867-ல் மூடப்பட்டது. அதோடு விடாமல் பல ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிகளின் எண்களைத் திரட்டி, வீட்டில் பெற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட்டு, 1871-ல் ஒரு நூலே எழுதினார். ஆஸ்பத்திரிகளில்தான் அதிகம் பேர் சாகிறார்கள் என்று எண்களே அவருக்குக் காட்டின. தன் கையால் வளர்த்த வார்டையும் எண்களின் முன்னே நிறுத்திக் கேள்வி கேட்ட அந்த நேர்மையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

யாருக்கு என்று தெரியாது, எத்தனை பேருக்கு என்று தெரியும்

பிரசவத்தில் முன்கணிப்பு என்றதும் பலரும் நினைப்பது, எந்தப் பெண்ணுக்கு ஆபத்து வரும் என்று கண்டுபிடிப்பதைத்தான். உயரம் குறைந்தவள், முதல் பிரசவம், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவள் என்று அடையாளம் வைத்து 'ஹை ரிஸ்க்' என்று சிவப்பு மையில் எழுதுகிறார்கள். அப்படிப்பட்டவர்களைக் கூடுதலாகக் கவனிப்பது சரியே. ஆனால் அதை மட்டும் நம்பி உலகம் ஏமாந்திருக்கிறது. அடையாளம் எதுவும் இல்லாத பெண்ணுக்கும் குழந்தை பிறந்த அரை மணி நேரத்தில் ரத்தம் ஆறாய்ப் போகலாம். 1997 அக்டோபரில் கொழும்பில் கூடிய பாதுகாப்பான தாய்மை மாநாட்டில், பத்தாண்டு அனுபவத்தின் பாடமாக முன்வைத்த முடிவுகளில் ஒன்று, ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஆபத்து உண்டு என்பதே.

அப்படியானால் முன்கணிப்பே வீணா? இல்லை. ஒருத்தியைப் பற்றிச் சொல்ல முடியாததை நூறு பேரைப் பற்றிச் சொல்ல முடியும். வியாழக்கிழமை நம் குழந்தை இயேசு ஆலயத்தின் வாசலில் மெழுகுவத்தி விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். யார் யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது. எத்தனை கட்டு மெழுகுவத்தி எடுத்து வைக்க வேண்டும், ஜனவரித் திருவிழாவுக்கு அதைப்போல் எத்தனை மடங்கு வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். பிரசவ ஆஸ்பத்திரியிடம் நாம் கேட்பதும் இந்த அறிவைத்தான்.

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட அவசரப் பிரசவ சிகிச்சைக் கையேடு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. எந்த ஊரானாலும் பிரசவங்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டில் பெரிய சிக்கல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். ஐந்து லட்சம் மக்களுக்கு அவசரப் பிரசவ சிகிச்சை தரும் இடங்கள் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றிலாவது சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் நடக்க வேண்டும். சிக்கலோடு வந்தவர்களில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சமிதிக் கூட்டத்தில் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கு தாயி கார்டில் தொடங்குகிறது

கர்ப்பத்தைப் பதிந்ததும் கையில் தரும் தாயி கார்டைப் பிரித்தால் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியும், பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதியும் இருக்கும். முதல் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் இரண்டாவது தேதி வந்துவிடும். மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. நேகெலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வழங்கும் இந்த விதி இருநூறு ஆண்டுப் பழையது. குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். முன்னே பின்னே இரண்டு வாரம் போகும். ஒரு தாய்க்குத் தவறும் இந்தத் தேதி, எண்பது தாய்மாரைச் சேர்த்துப் பார்க்கும்போது மாதக் கணக்கில் பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. பதிவான ஒவ்வொரு கார்டுக்கும் அதன் பிரசவ மாதக் கட்டத்தில் ஒரு கோடு. ஜூன் மாதமே டிசம்பர் கட்டம் நிறையத் தொடங்குவதை நீங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். மழை எப்போது வரும் என்று சொல்ல வானிலைத் துறைக்கு செயற்கைக்கோள் வேண்டும். நமக்கோ ஆறு மாதம் முன்பே பதிவேட்டில் எழுதிக் கிடக்கிறது. இதைவிட வலுவான முன்கணிப்பு வேறு எந்தத் துறைக்கும் வாய்ப்பது அரிது. அதை எடுத்துப் பார்க்காமல், போன வருஷச் சராசரியை வைத்து மருந்துக்கு இண்டென்ட் போடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

அடுத்தது திருத்தம். பதிவானவர்கள் எல்லாரும் அங்கேயே பெறுவதில்லை. நம் தமிழ்க் குடும்பங்களில் வளைகாப்பு முடிந்த கையோடு பெண் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் திருப்பத்தூருக்கும் தாய்வீடு போய்விடுகிறாள். சிலர் கையிருப்பைத் திரட்டித் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். மறுபக்கம் ராய்ச்சூரிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பெண்கள், எங்கும் பதியாமல், வலியோடு நேரே வந்து நிற்கிறார்கள். பழைய பதிவேட்டில் ஓராண்டைப் புரட்டினால் இரண்டுக்கும் விகிதம் கிடைக்கும். டிசம்பரில் 80 கார்டு, பத்துக்கு ஆறு பேர் இங்கேயே பெறுவார்கள், பதியாமல் வருகிறவர்கள் மாதம் 12 என்று வைத்துக்கொள்வோம். 48-ம் 12-ம் சேர்ந்தால் 60.

அறுபது என்று ஒற்றை எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். 45-லிருந்து 75-க்குள் வரும் என்று எழுதுங்கள். தற்செயலாக நிகழ்பவை இவ்வளவு மேலும் கீழும் ஆடும் என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சானின் பெயரால் வழங்கும் கணக்கு சொல்கிறது. எல்லையோடு எழுதப்பட்ட கணிப்புதான் நேர்மையானது. அதை மாதத்தின் முதல் நாளுக்கு முன்பே எழுதித் தேதியிட வேண்டும். நடந்த பிறகு "நாங்கள் எதிர்பார்த்ததுதான்" என்று சொல்வது கணிப்பாகாது.

சராசரி நாள் என்று ஒன்று வராது

மாதம் 60 என்றால் நாளுக்கு இரண்டு. இரண்டு பிரசவ மேசை, இரவுக்கு ஒரு நர்ஸ் போதுமே என்று தோன்றும். அதே பாய்சான் கணக்கைப் போட்டால் தெரியும்: மாதத்தில் நாலு நாள் ஒரு பிரசவமும் இருக்காது. ஒன்றிரண்டு நாள் ஐந்தோ அதற்கு மேலோ வரும். சும்மா கிடந்த நாலு நாளைக் காட்டி ஆளைக் குறைப்பார்கள். ஐந்து பேர் சேர்ந்து வரும் அந்த ராத்திரியில்தான் ஒருத்தி கவனிப்பாரற்றுக் கிடப்பாள்.

படுக்கைக்கும் இப்படித்தான். ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவச உணவு சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் என்று கணக்கு. அறுபதில் பன்னிரண்டு சிசேரியன் என்றால் 48-ஐ மூன்றால் பெருக்கி 144, பன்னிரண்டை ஏழால் பெருக்கி 84, ஆக 228 படுக்கை நாள். முப்பதால் வகுத்தால் ஏழரைக்கு மேல். எட்டுப் படுக்கை போதும் என்று சராசரி சொல்லும். நெரிசல் நாளைத் தாங்க பதின்மூன்று வேண்டும். எட்டோடு நின்ற ஆஸ்பத்திரியில் பெற்றவள் தரையில் பாய்போட்டுப் படுப்பதை "திடீர்க் கூட்டம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கணக்கில் இருந்த கூட்டம்.

மருந்துக்கும் கணக்கு இதுவே. குழந்தை வெளியே வந்ததும் ஒவ்வொரு தாய்க்கும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்தப்போக்கைத் தடுக்கும் முதல் அரண் அதுதான். எழுபத்தைந்து தாய்மாருக்கு எழுபத்தைந்து ஊசி, ரத்தப்போக்கு வந்தவர்களுக்குக் கூடுதல், அடுத்த சரக்கு வந்து சேரும் வரைக்கும் கையிருப்பு. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். ஆகவே லேபர் வார்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பதும் முன்கணிப்பின் ஒரு பகுதி: உள்ளே வெப்பமானி இருக்கிறதா, காலையும் மாலையும் எழுதிய தாள் கதவில் ஒட்டியிருக்கிறதா, போன வாரம் கரண்ட் போனபோது என்ன டிகிரி காட்டியது? கெட்டுப்போன ஊசியும் கண்ணுக்கு நல்ல ஊசி மாதிரியே இருக்கும்.

ரத்தம் எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதும் இப்படிப்பட்ட ஆபத்துதான், அது எப்போதும் குறைத்தே காட்டும். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்து, ரத்தப்போக்கு தெரிந்தவுடன் எல்லாச் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் தொடங்கும் முறையைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. நம் ஆஸ்பத்திரியில் அந்த விரிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

எதிர்பார்த்ததும் நடந்ததும்

இப்போது மதிப்பீட்டுக்கு வருகிறேன். அறுபது பிரசவத்தில் 15 விழுக்காடு என்றால் ஒன்பது பேருக்குச் சிக்கல். மேலும் கீழும் ஆடவிட்டால் மூன்றிலிருந்து பதினைந்து. ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் ஆறு மாதமாக மாதம் ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது என்றால் பாராட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். சிக்கல்கள் கண்ணில் படவில்லையா, எழுதப்படவில்லையா, அல்லது பெண்கள் அந்த இடத்தை நம்பாமல் வேறிடம் போகிறார்களா என்று கேட்க வேண்டும். மாதம் இருபத்தைந்து பேரை "ரெஃபர் பண்ணிட்டோம்" என்று அனுப்பினால், தன்னால் பார்க்கக்கூடியவர்களையும் அங்கே கைகழுவுகிறார்கள் என்று பொருள். இரண்டு பக்கமும் கேள்வி எழுப்பும் அளவுகோல்தான் சரியான அளவுகோல்.

இதையே வரைபடமாகப் போடலாம். 1924-ல் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலைக்காக ஒரு வரைபடம் வகுத்தார். நடுவில் எதிர்பார்த்த கோடு, மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. புள்ளி எல்லையைத் தாண்டினால் வேலையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். பல்லாரி அரசு ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 9 முதல் 11 வரை மூன்றே நாளில் அங்கே 34 சிசேரியன் நடந்தன. ஏழு பெண்களுக்குச் சிறுநீரகமும் மற்ற உறுப்புகளும் பழுதாயின. ஐந்து தாய்மார் இறந்தார்கள். ஏற்றிய ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸின் மீது சந்தேகம் விழுந்தது, மாநிலமே கொதித்தது. இத்தகைய கடும் பாதிப்பு நூறு சிசேரியனுக்கு ஒன்று என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 34-ல் மூன்று பேருக்கு வருவது இருநூறில் ஒரு வாய்ப்பு. ஆகவே மூன்றாவது பெண் மோசமானதுமே, இது விதியல்ல, நம் அலமாரியில் ஏதோ கோளாறு என்று மணியடிக்க வேண்டும். யாராவது தினமும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தால்தான் அந்த மணி அடிக்கும்.

கணக்கில் வராதவள்

தும்கூரில் 2022 நவம்பரில் நடந்ததை நம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே குடியிருந்த ஓர் ஏழைப் பெண், வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். பிரசவ வலியோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போனாள். ஆதாரும் தாயி கார்டும் இல்லை என்று சேர்த்துக்கொள்ளவில்லை, பெங்களூரு வாணி விலாஸுக்குப் போகச் சொன்னார்கள். போக வழியில்லாமல் வீடு திரும்பினாள். வீட்டிலேயே பெற்று, தாயும் இரண்டு சிசுக்களும் இறந்தார்கள். பணியிலிருந்தவர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். உயிர்கள் திரும்பவில்லை.

நம் கணக்கு முறைக்கு அவள் விட்டுச்சென்ற எச்சரிக்கை இது: கார்டை மட்டும் எண்ணினால், கார்டு இல்லாதவள் உலகத்திலேயே இல்லாதவள் ஆகிவிடுவாள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து வாங்கிய பிக்மி எண்ணோடு இங்கே வருகிறவளும் தாயி கார்டோடு அங்கே போகிறவளும் இரண்டு மாநிலப் பதிவேடுகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப உங்களால்தான் முடியும். புதிதாகக் குடிவந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தால், கார்டு கைக்கு வரும் முன்பே உங்கள் தாளில் அவளுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இன்னோர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். இன்று கணினியும் செயற்கை நுண்ணறிவும் கொண்டு, எந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்று மதிப்பெண் போடும் கருவிகள் வருகின்றன. வரட்டும். ஆனால் சாவுக் கணக்கைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு மதிப்பெண் போடும் ஊரில், ஆபத்தான பெண் என்று முன்கூட்டியே தெரிவது அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பவும் உதவும். இதைத் தடுக்க ஒரே வழி, பதிந்தவர்கள் எல்லாருடைய முடிவையும் பதிந்த ஆஸ்பத்திரியின் கணக்கிலேயே எழுதுவது. அனுப்பிவைத்த பெண் எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாள், அங்கே படுக்கை கிடைத்ததா, தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்ற மூன்று வரி இல்லாமல் ஒரு ரெஃபரல் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

நான் கேட்பது

முதலாவது, அடுத்த சமிதிக் கூட்டத்திலேயே பன்னிரண்டு கட்டத் தாளைத் தொடங்குங்கள். பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு ஒன்றும் பேனாவும் போதும்.

இரண்டாவது, ஆஷா அக்காவையும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸையும் கூட வைத்துக்கொண்டு, மாதத்தின் கடைசி வாரத்தில் அடுத்த மாதக் கணிப்பை எழுதுங்கள்: பிரசவம் இத்தனையிலிருந்து இத்தனை, சிக்கல் இத்தனையிலிருந்து இத்தனை, படுக்கை, ஊசி, ரத்தம், இரவுப் பணியில் ஆள். ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்கு, ஒரு பிரதி உங்களுக்கு. பெண்களின் பெயர் தாளில் வரக் கூடாது. எண்கள் மட்டும் போதும். முழுகாமல் இருப்பது அவரவர் வீட்டுச் சேதி.

மூன்றாவது, மாதம் முடிந்த பிறகு நான்கு கேள்விகள் கேளுங்கள். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் எவ்வளவு இடைவெளி? எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் போயிற்று? அனுப்பிவைத்தவர்களின் முடிவு தெரியுமா? யாராவது அடிபட்டார்களா, வசவு வாங்கினார்களா, காசு கேட்கப்பட்டார்களா? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். அவமானப்பட்டவள் அடுத்த பிரசவத்துக்கு வர மாட்டாள், அவள் அக்கம்பக்கத்தாரும் வர மாட்டார்கள். பதிந்தும் வராதவர்கள் பெருகினால் அதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

நான்காவது, நர்ஸுகளையும் ஆயாம்மாக்களையும் எதிரிகளாக நினைக்காதீர்கள். ஐந்து பிரசவ ராத்திரியில் தனியாக நின்றவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாய்விட்டுக் கேட்க முடியாத இரண்டாவது ஆளை உங்கள் தாள் கேட்டுவாங்கும். ஒவ்வொரு தாயின் சாவையும் தண்டிக்கும் நோக்கமின்றி ஆராயும் வழக்கம் இங்கிலாந்தில் 1952 முதலும், கேரளத்து மகப்பேறு மருத்துவர்களிடம் 2004 முதலும் இருக்கிறது. யார் தவறு என்று தொடங்கினால் பதிவேடு பொய் சொல்லத் தொடங்கும். எங்கே தவறியது என்று கேட்டால் உண்மை வரும்.

2025 செப்டம்பரில் நம் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. எந்த ஆஸ்பத்திரிக்கு யார் பொறுப்பு, யாருடைய நிதி என்று கோப்புகள் நகர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. இத்தகைய காலத்தில் மருந்தும் ஆளும் கேட்டுப் போகிறவர் கையில் எண் இருக்க வேண்டும். "கூட்டம் அதிகம், கஷ்டப்படுகிறோம்" என்ற மனுவுக்கு "பார்க்கலாம்" என்று பதில் வரும். "மார்ச் மாதம் 45 முதல் 75 பிரசவம் எதிர்பார்க்கிறோம், 13 படுக்கை வேண்டும், இருப்பது 8, போன ஆறு மாதத்தில் எங்கள் கணிப்பு எவ்வளவு சரியாக வந்தது என்பது இணைப்பில்" என்ற மனுவை ஓர் அதிகாரி அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது.

முதல் மாதக் கணிப்பு தவறும். இரண்டாவது மாதமும் தவறலாம். எவ்வளவு தவறியது, ஏன் தவறியது என்று அதே தாளின் அடியில் எழுதுங்கள். தாய்வீடு போனவர்களைக் குறைத்து மதிப்பிட்டோமா, புதிதாக வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்களை விட்டுவிட்டோமா என்பது அப்போதுதான் தெரியவரும். ஆறு மாதத்தில் உங்கள் வட்டாரத்தை உங்களைவிடத் துல்லியமாக அறிந்தவர் இந்த நகரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தாளைத் தொடங்கும் நாளில் கூட்டல் பெருக்கல் பார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து உட்காருகிறேன்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
விவேக் நகரில் உங்கள் பக்கத்துத் தெருக்காரர்